நூறு கலம் நெல்

தஞ்சை இராசராசீசுவரத்துத் திருச்சுற்றில், முதலாம் இராசராசரின் 29ஆம் ஆட்சியாண்டைச் (பொ.கா. 1014) சுட்டும் நெடிய கல்வெட்டொன்று உள்ளது. சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கொரு மனையும் ஒரு பங்கும் வழங்கப்பட்டதை அது கூறுகிறது. பங்கென்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவருக்கு இரண்டு பங்கு.

நல்ல ஊதியந்தானா? கணக்கிட்டுப் பார்ப்போம். கலத்துக்குப் பன்னிரு குறுணி. ஆக நாளொன்றுக்கு முக்குறுணியும் சற்று மிகையும். அதே கோயிலில் திருப்பதியம் பாடியவர்களும் நாளும் முக்குறுணியே பெற்றனர். பணிபுரிந்த மாணிகளுக்கோ நாள்தோறும் ஒரு பதக்கு, அதாவது இரு குறுணி, ஆண்டுக்கு நான்கு காசு. காசுக்கு இரண்டு கலமென்பது அக்கல்வெட்டுகள் காட்டும் விலை. எல்லாம் கூட்டினும் எழுபது கலத்தை எட்டவில்லை. மணமாகாதவருக்கு ஒரு வயிறுதானே என்று எண்ணினர் போலும்! இது நம் ஊகமே.

ஆடல்மகளின் பங்கில் நெல்லுக்கு அப்பாலும் ஒன்றுண்டு. அவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, தகுதியுடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடரலாம். தலைமுறைக்கும் தொடரக்கூடிய வாழ்வு அது. எனினும் வீட்டு எண்ணையும் பெயரையும் சொல்லும் கல்வெட்டு, திருவாரூர் முதலாக அவர்கள் விட்டுவந்த தளிகளையும் மறவாமல் குறிக்கிறது. விரும்பித்தான் வந்தார்களா என்பதை மட்டும் அது சொல்லவில்லை.