லால் கொல்ஷேயும் புக்கானன் துரையும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் என் பெண்ணுக்குப் பள்ளியில் தோழிகள் யாரும் அமையவில்லை. சரி, வீட்டில் பேச்சுத்துணைக்கு நாலு மீனாவது இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்பஜார் பக்கம் காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போனோம். கலர் கலராக வெளிநாட்டு மீன்கள். அவளோ ஒரு மூலையில் அலுமினியப் பாத்திரத்தில் இருந்த சின்ன மீனைக் காட்டி, "அப்பா, இது!" என்றாள். நீலமும் சிவப்புமாய்க் கோடு போட்டிருந்தது. குளத்தில் பிடித்ததாம். பெயர் லால் கொல்ஷே. இரண்டு வாங்கினோம்.

மூன்று நாளாயிற்று, இரண்டும் வாயே திறக்கவில்லை. குருணைத் தீனி அப்படியே அடியில் போய் ஊறிக் கிடந்தது. நாலாம் நாள் காலை ஒன்று செத்து மிதந்தது. "அதை அதோட ஊர்லயே விட்டிருக்கலாமேப்பா" என்றாள். பி.காம் படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

மாடி வீட்டு தாதா (இங்கே அண்ணன் என்று அர்த்தம்!) வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "குளத்து மீனுக்கு நெளிவதுதான் சாப்பாடு. நெளியாதது அதற்குக் குப்பை." கொசுப்புழு போடச் சொன்னார். டெங்கு பயத்தில் ஊரே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் மூடி போட்ட ஒரு பக்கெட்டில் புழு வளர்த்து, ஒன்று பாக்கியில்லாமல் தினமும் வடிகட்டினேன். சந்தையில் கிடைக்கும் ட்யூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. அதைப் போடுவதானால் ஒரு நாள் பூரா தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். இந்த மீன் மேலே வந்து காற்றைக் குடித்து மூச்சு விடும் ஜாதி. அதனால் ஃபில்டர் வேகத்தைக் குறைத்து, மிதக்கும் செடி கொஞ்சம் போட்டேன். அன்று சாயங்காலமே புழுவைக் கவ்வியது. பிறகு புழுவோடு நாலு குருணையும் கலந்து கலந்து பழக்கினோம்.

இனிதான் சரித்திரம். இந்த மீனின் அறிவியல் பெயர் டிரைக்கோகாஸ்டர் லாலியஸ். 'லாலியஸ்' எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் மாட்டியவர் ஃபிரான்சிஸ் புக்கானன். கம்பெனி டாக்டர். 1800-ல் மெட்ராஸில் கிளம்பி மைசூர், கோயமுத்தூர், மலபார் என்று சுற்றி எழுதியவர் அவரேதான். பிறகு 1807 முதல் 1814 வரை வங்காளத்தை அளந்தார். மீனைப் பார்த்தால் உள்ளூர்க்காரர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது அவர் வழக்கம். அந்தப் பெயர்களையே லத்தீனாக்கினார். ரோகிதா, காட்லா, மிருகலா... நாம் வறுத்துத் தின்னும் ரோகு, கட்லா, மிர்கால்தான். லால் என்றால் சிவப்பு, அது லாலியஸ் ஆயிற்று.

1815-ல் அவர் ஊர் திரும்பும்போது, வரைய வைத்த படங்களை எடுத்துப்போக அன்றைய கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு சம்மதிக்கவில்லை. பல படங்கள் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டன. ஆனாலும் 1822-ல் எடின்பரோவில் கங்கை மீன்களைப் பற்றிய புத்தகம் வந்தது. (அதற்குள் தாய்வழிச் சொத்து வந்து ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தார்.) இன்று உலகமெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் வளரும் ஸீப்ரா மீனும் அந்தப் புத்தகத்தில் அறிமுகமானதுதான்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைப் பார்த்ததாக எழுதினார். நம் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பனையேறி. வங்காளிகள் அதையே கொய் என்று கொண்டாடிச் சாப்பிடுகிறார்கள். ஊர் மாறினால் பெயர் மாறுகிறது, மீன் அதேதான்.

மிஞ்சிய லால் கொல்ஷே இப்போது என் பெண்ணின் விரலைக் கண்டால் மேலே வருகிறது. போன வாரம் பள்ளித்தோழி ஒருத்தி அதைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தாள். இருவரும் வங்காளத்தில் என்னவோ பேசிச் சிரித்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

செத்த மீனைப் பற்றி அவள் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. இனி குளத்து மீன் வாங்குவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறோம். நீங்கள் வாங்குவதாயிருந்தால், முதலில் அது என்ன தின்னும் என்று பிடித்தவரிடமே கேட்டுவிடுங்கள். புக்கானன் துரையும் அப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.