தாம்பரம் பகுதியில் குடிநீரும் கழிவுநீரும்

சென்னையின் தெற்குப் புறநகர்களான பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் ஆகிய இடங்களில் பெரும்பாலான வீடுகள் நீண்ட காலமாகச் சொந்தக் கிணற்றையும் சொந்தக் கழிவுநீர்த் தொட்டியையும் நம்பி இருந்து வந்துள்ளன. குழாய்வழிப் பொதுக் குடிநீரும் பாதாள சாக்கடையும் இப்பகுதிக்குப் பிற்காலத்திலேயே, அதுவும் பகுதி பகுதியாக வந்தன. இதனால் ஒரே மனைக்குள் நீரை எடுக்கும் கிணறும், கழிவைத் தேக்கும் தொட்டியும் அருகருகே அமைந்துள்ளமை இப்புறநகர்களின் முக்கியமான நலவாழ்வுச் சிக்கலாக உள்ளது.

வரலாறு

சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டிச் சேவை 1931 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் பின்னர் தொடர்வண்டிப் பாதையின் இருபுறமும் குடியிருப்புகள் பெருகின. தாம்பரம் 1964 ஆம் ஆண்டில் நகராட்சியானது. வயல்களும் ஏரிப் பாசன நிலங்களும் மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது, வீடு கட்டுவோர் முதலில் கிணறு தோண்டி, அந்நீரைக் கொண்டே கட்டடப் பணியைத் தொடங்குவது வழக்கமாக இருந்தது. வீடு முடியும் தறுவாயில் கழிவுநீர்த் தொட்டி அமைக்கப்பட்டது.

2021 ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அப்போது பாதாள சாக்கடை பழைய பல்லாவரம், தாம்பரம் நகராட்சிகளின் பகுதிகளிலேயே பெரிதும் அமைந்திருந்தது.

நிலவியல்

பல்லாவரம், தாம்பரம் பகுதிகளின் அடியில் இருப்பது சார்னோக்கைட்டு எனப்படும் கடினப் பாறை ஆகும். இப்பாறையில் நீர் எங்கும் பரவி நிற்பதில்லை. மேற்பரப்பை ஒட்டிய சிதைந்த அடுக்கிலும், ஆழத்தில் உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. ஆகவே ஒரு மனையில் நல்ல ஊற்றுக் கிடைக்க, அடுத்த மனையில் பல நூறு அடி துளைத்தும் நீர் கிடைக்காமல் போவது உண்டு. இதற்கு மாறாகத் திருவான்மியூரிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரைப் பகுதியில் மணற்பாங்கான நீர்த்தாங்கி உள்ளது. அங்கு நீர் எளிதில் ஊறும். ஆனால் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உட்புகும்.

வீட்டுக் கிணறு

தொடக்கத்தில் திறந்த கிணறுகளும் உறைக்கிணறுகளும் இருந்தன. நீர்மட்டம் தாழ்ந்ததும் அவற்றின் அடியிலோ அருகிலோ ஆழ்துளைக் கிணறுகள் அமைக்கப்பட்டன. சொந்தக் கிணற்றுக்குக் கட்டணம் இல்லை; நீர் வரும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அதே வேளையில் அந்நீரைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் வீட்டு உரிமையாளரையே சேர்கிறது.

இந்தியக் குடிநீர்த் தர விதியின்படி 100 மில்லிலீட்டர் நீரில் மலக் கிருமியான ஈ. கோலை அறவே இருக்கக்கூடாது. நைட்ரேட்டு ஒரு லீட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். ஆனால் நைட்ரேட்டு நீங்காது. கழிவு ஊறிய கிணற்று நீரில் நைட்ரேட்டு மிகுதல் பொதுவான அடையாளம் ஆகும். நிறமோ மணமோ இல்லாததால் கண்ணால் பார்த்து இதனை அறிய இயலாது. கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை இது குறைக்கக்கூடும்.

தொழிற்சாலைக் கழிவும் கிணறுகளைப் பாதித்துள்ளது. குரோம்பேட்டையின் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்ததாகும். பல்லாவரம், நாகல்கேணிப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

கழிவுநீர்த் தொட்டி

பேச்சு வழக்கில் செப்டிக் டேங்க் எனப்படும் கழிவுநீர்த் தொட்டி, முறைப்படி இரண்டு அறைகளும் நீர் கசியாத அடித்தளமும் கொண்டதாக இருத்தல் வேண்டும். கழிவுநீர் இதில் ஒன்று முதல் இரண்டு நாட்கள் தங்கும். திண்மம் அடியில் படிந்து, காற்றில்லா நுண்ணுயிர்களால் ஓரளவு செரிக்கப்படும். மேலுள்ள நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் செல்லும். இந்நீரில் கிருமிகளும் நைதரசனும் எஞ்சியிருக்கும். அவற்றைக் குறைக்கும் வேலையை மண்ணே செய்கிறது.

படிந்த கசடை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். நடைமுறையில் பல தொட்டிகள் அடித்தளம் பூசப்படாத வெறும் குழிகளாக உள்ளன. இவற்றில் நீர் தரைக்குள் இறங்கிவிடுவதால் தொட்டி விரைவில் நிரம்புவதில்லை. உரிமையாளர் இதனை நல்ல தொட்டி எனக் கருதுவதும் உண்டு. உண்மையில் நிரம்பாத தொட்டியே நிலத்தடி நீருக்கு மிகுந்த கேடு விளைவிப்பதாகும்.

மனையளவும் இடைவெளியும்

கிணற்றுக்கும் கழிவுநீரை மண்ணில் விடும் இடத்துக்கும் இடையே 15 முதல் 18 மீட்டர் வரை இடைவெளி வேண்டும் எனப் பொறியியல் நெறிகள் கூறுகின்றன. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி ஆகும். 40 அடிக்கு 60 அடி என்ற அளவுள்ள மனையின் ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் இடையே ஏறத்தாழ 22 மீட்டர் உண்டு. அதில் விதியைப் பின்பற்ற இடமுண்டு. 30 அடிக்கு 40 அடி என்ற அரைக் கிரவுண்டு மனையிலோ இத்தொலைவு 15 மீட்டர் மட்டுமே.

மேலும், இந்த இடைவெளி அண்டை மனைகளையும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். ஒருவர் தம் தொட்டியைக் கிணற்றிலிருந்து விலக்கி மதில் ஓரத்தில் அமைத்தால், அது பக்கத்து வீட்டுக் கிணற்றை நெருங்கிவிடும். கிணறு தனியுடைமையாக இருப்பினும் அதில் ஊறும் நீர் தெருவுக்கே பொதுவானது. மனைகள் நெருங்கிய பின்னர் ஒரு வீட்டார் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தம் கிணற்றைத் தனித்துக் காக்க இயலாமல் போவதற்கு இதுவே காரணம் ஆகும்.

பொதுக் குடிநீர்

தாம்பரம், பல்லாவரம் பகுதிகளுக்குப் பாலாற்றுப் படுகையிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவரப்பட்டது. பின்னர் மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் நீரும் மொத்தமாக வழங்கப்பட்டது. போதாத அளவைத் தனியார் தண்ணீர் லாரிகளும் கேன் தண்ணீரும் நிரப்புகின்றன. லாரி நீரும் பெரும்பாலும் புறநகர்க் கிணறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது.

பெருங்கடல்நீர் நன்னீராக்கும் நிலையங்களில் நெம்மேலி நிலையம் 2013 ஆம் ஆண்டிலும், அதன் 150 மில்லியன் லீட்டர் விரிவாக்கம் 2024 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. பேரூரில் நாளொன்றுக்கு 400 மில்லியன் லீட்டர் திறன் கொண்ட நிலையத்திற்கு 2023 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது.

குழாய் நீரும் முற்றிலும் இடரற்றதன்று. நீர் விட்டுவிட்டு வரும் குழாயில், வரத்து நின்ற நேரத்தில் அழுத்தம் குறையும். அப்போது விரிசல் வழியே சுற்றியுள்ள கழிவுநீர் உட்புகக்கூடும். 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், சிலர் இறந்தனர். குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என மக்கள் கூறினர். அரசுத் தரப்பில் இது மறுக்கப்பட்டது.

பாதாள சாக்கடை

நாட்டு அளவிலான வடிவமைப்பு நெறிகள் பாதாள சாக்கடை உள்ள நகருக்கு ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லீட்டர் நீரும், அது இல்லாத ஊருக்கு 70 லீட்டரும் எனக் கணக்கிடுகின்றன. போதிய நீர் ஓடாவிட்டால் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும். எனவே குடிநீர் வழங்கலும் சாக்கடையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

தெற்குப் புறநகர்களில் இதற்கு முன்மாதிரியாகக் கூறப்படுவது ஆலந்தூர் ஆகும். அங்கு 1990களின் இறுதியில் திட்டம் வகுக்கப்பட்டபோது, பணி தொடங்கும் முன்னரே வீட்டுக்கு 5000 ரூபாய் வீதம் மக்களிடமிருந்து வைப்புத்தொகை பெறப்பட்டது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் தனியார் பங்களிப்புடன் அமைக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

ஏரிகள்

சாக்கடை இல்லாத இடங்களில் தொட்டி நீர் மழைநீர் வடிகாலில் விடப்படுவதும், லாரிகள் கசடை நீர்நிலைகளில் கொட்டுவதும் நிகழ்ந்துள்ளன. செம்பாக்கம் ஏரி இவ்வாறு கழிவுநீரால் பாதிக்கப்பட்ட ஏரிகளுள் ஒன்று. இவ்வேரித் தொடரின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. இச்சதுப்புநிலம் 2022 ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வெள்ளமும் வறட்சியும்

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர் முதலிய தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில் கழிவுநீர்த் தொட்டிகளும் கிணறுகளும் ஒரே நீரில் கலந்துவிடுகின்றன. மாறாக 2019 ஆம் ஆண்டின் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டபோது, வீட்டுக் கிணறுகளும் வற்றி, மக்கள் லாரிகளை எதிர்பார்க்க நேர்ந்தது.

சட்டங்கள்

சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் தமிழகக் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 1000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1400 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 1,30,000 லீட்டர் நீர் விழும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் நச்சு வளிகள் தேங்குவதால், உள்ளே இறங்குவோர் நொடிகளில் மயங்கி உயிரிழக்கின்றனர். தக்க பாதுகாப்பின்றி எவரையும் தொட்டிக்குள் இறக்குவதை 2013 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தடை செய்கிறது. உயிரிழந்தோர் குடும்பத்திற்கு வழங்க வேண்டிய இழப்பீட்டை 2023 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. கசடு அகற்றலுக்கான வழிகாட்டு நெறிகளைத் தமிழக அரசு 2014 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

பிற இடங்களில்

இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாடு ஆறுகள் இல்லாத சுண்ணக்கல் நிலம் ஆகும். அங்கு மக்கள் கிணறுகளையே சார்ந்துள்ளனர். மலக்குழிகளாலும் உரங்களாலும் கிணற்று நீரில் நைட்ரேட்டு மிகுந்துள்ளது. அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு கழிவுநீர்த் தொட்டியைப் பயன்படுத்துகிறது. அவற்றுள் பல பெரிய மனைகளில் அமைந்துள்ளமையால் உரிய இடைவெளி விட வாய்ப்பு உள்ளது.

இடைக்கால நடவடிக்கைகள்

பாதாள சாக்கடை வராத தெருக்களில் தொட்டியின் அடித்தளத்தைப் பூசுதல், உரிய காலத்தில் கசடு அகற்றுதல், மழைநீரைக் கிணற்றருகே விடுதல், கிணற்று நீரை மழைக்காலத்திற்குப் பின்னர் சோதித்தல் ஆகியவை பயன் தரும். தெரு முழுவதும் சேர்ந்து செய்தாலன்றி இவற்றின் பயன் நிலைப்பதில்லை. சாக்கடை இணைப்புப் பெற்ற பின்னர் பழைய தொட்டியை வெறுமையாக்கி மண்ணிட்டு மூட வேண்டும். கிணற்றை மூட வேண்டியதில்லை; அது மழைநீரை நிலத்தடிக்குச் செலுத்தப் பயன்படும்.