வாசா: 1,300 மீட்டரில் முடிந்த பயணம்

பள்ளி விடுமுறையில் ஐரோப்பா சென்றிருந்தபோது, சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஒரு வார இறுதியைக் கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. பதினான்கு தீவுகளின்மீது அமைந்த நகரம் அது. சனிக்கிழமை பழைய நகரின் குறுகிய கற்பாதைகளிலும் அரண்மனை முற்றத்திலும் கழிந்தது. ஞாயிறன்று வாசா அருங்காட்சியகத்திற்குச் சென்றேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட எண்ணியிருந்தேன். மூடும் நேரம்வரை அங்கேயே நின்றுவிட்டேன்.

அரையிருளில் ஒரு முழுக்கப்பல் நிற்கிறது. 69 மீட்டர் நீளம். பின்புறம் முழுவதும் சிங்கங்களும் வீரர்களுமாய் மரச்சிற்பங்கள். மன்னர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப், போலந்துடன் நடந்த போருக்காகக் கட்டுவித்த கப்பல் இது. 64 பீரங்கிகளை இரு தளங்களில் தாங்கியது. மேற்பகுதி கனத்தது, அதனை நிலைநிறுத்த அடிப்பாரம் போதவில்லை. கட்டுமானத்தைத் தொடங்கிய தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹீபெர்ட்சன், பணி முடியும் முன்னரே 1627-இல் காலமானார்.

இக்குறை எவருக்கும் தெரியாமல் இருந்திருந்தால் அது வெறும் விபத்தாகும். ஆனால் தெரிந்திருந்தது! புறப்படும் முன் ஒரு சோதனை நடந்தது. முப்பது மாலுமிகள் மேல்தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் சேர்ந்து ஓடினர். மூன்றாம் முறை ஓடியதும் கப்பல் அச்சமூட்டும் அளவுக்கு ஆடியது. அங்கிருந்த கடற்படைத் தளபதி கிளாஸ் ஃபிளெமிங் சோதனையை நிறுத்தச் செய்தார்; பயணத்தை நிறுத்தவில்லை. போர்முனையிலிருந்த மன்னரோ கப்பலை விரைவில் அனுப்புமாறு வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

1628 ஆகஸ்ட் 10. கரையெங்கும் மக்கள் கூட்டம். மாலுமிகளின் குடும்பத்தினர் சிலரும் கப்பலில் இருந்தனர். ஒரு காற்று வீச்சில் கப்பல் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்களின் வழியே நீர் புகுந்தது. ஏறத்தாழ 1,300 மீட்டர் தூரமே சென்ற வாசா, துறைமுகத்திற்குள்ளேயே மூழ்கியது. பகைவரின் குண்டு ஒன்றுகூட அதன்மீது படவில்லை. சுமார் முப்பது பேர் மாண்டனர்.

விசாரணையும் நடந்தது. கப்பல் தலைவர், குடிப்பழக்கத்தால் நேர்ந்த பிழையன்று என்றார். கட்டியவர்களோ மன்னர் ஒப்பிய அளவுகளின்படியே கட்டினோம் என்றனர். மன்னரைக் குற்றஞ்சாட்ட யாருக்குத் துணிவு வரும்? எவரும் தண்டிக்கப்படவில்லை.

உவர்ப்புக் குறைந்த பால்டிக் கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு வாழ்வதில்லை. அதனால் வாசா மட்காமல் கிடந்தது. 1956-இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் அதனைக் கண்டறிய, 1961 ஏப்ரல் 24-இல் அது நீருக்கு மேலே வந்தது. அதனோடு மாண்டவர்களின் எலும்புகளும் கிடைத்தன. அவர்களின் பெயர்கள் தெரியாததால் எழுத்துகளால் குறித்தனர். 'ஜி' எனக் குறிக்கப்பட்டவரை நெடுங்காலம் ஆண் என்றே கருதினர். அது ஒரு பெண் என்பதை 2023-இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது. கப்பலுக்குப் பெயருண்டு, மன்னருக்குப் பெயருண்டு. அப்பெண்ணுக்கு ஓர் எழுத்து மட்டுமே.

அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் நின்றபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. வெண்பலகையில் நான் தவறாக எழுதிய கணக்கை ஒரு மாணவன் எழுந்து சுட்டிக்காட்டினான். "ஐயா, விடை தப்பு," என்றான். "முதலில் உட்கார்," என்றேன் நான். அவன் உட்கார்ந்தான். அதன் பின்னர் அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் எதையும் சுட்டிக்காட்டவில்லை.

தவறு செய்யாத ஆசிரியர் இல்லை. தவறென்று சொல்ல மாணவர்கள் அஞ்சும் வகுப்பறையை உருவாக்காமல் இருப்பதே நம் கையில் உள்ளது. முப்பது மாலுமிகள் ஓடிக் காட்டிய உண்மையை வாய்விட்டுச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், 'ஜி' அன்று மாலை வீடு திரும்பியிருப்பாள். சிந்திப்போம்.