குறைமாதக் குழந்தையின் முதல் புன்னகை

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய குறைமாதக் குழந்தை, முகம் பார்த்துச் சிரிக்கத் தாமதமாகலாம். அதனால் குழந்தை உங்களை அறியவில்லை என எண்ண வேண்டாம்.

வளர்ச்சியைப் பிரசவத்திற்குக் குறித்திருந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இதுவே திருத்தப்பட்ட வயது. 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்னதாகப் பிறந்துள்ளது. எனவே 16 வார வயதில் அதன் திருத்தப்பட்ட வயது 8 வாரமே. முகம் பார்த்துச் சிரிப்பது பெரும்பாலும் திருத்தப்பட்ட வயதில் 6 முதல் 8 வாரங்களில் தொடங்கும். தடுப்பூசிகளுக்கோ பொதுவாகப் பிறந்த தேதியே கணக்கு.

கொஞ்சும்போது குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, விக்கல் எடுத்தாலோ, விரல்களை விறைப்பாக விரித்தாலோ, அது களைப்பின் அறிகுறியாக இருக்கலாம், வெறுப்பன்று. பேச்சை நிறுத்தி, மார்போடு அணைத்து அமைதியாக இருங்கள். மீண்டும் உங்களை நோக்கும்போது மெல்லிய குரலில் பேசுங்கள். தந்தையும் இவ்வாறே செய்யலாம்.

திருத்தப்பட்ட வயது 3 மாதம் நிறைந்தும் சிரிக்காவிட்டால், முகத்தைப் பார்க்காவிட்டால், உரத்த ஓசைக்கும் அசையாவிட்டால் குழந்தைநல மருத்துவரை அணுகவும். விழித்திரை, செவித்திறன் பரிசோதனைகளைத் தவறவிட வேண்டாம். தாய்க்கு மனச்சோர்வு 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதனையும் தயங்காது மருத்துவரிடம் தெரிவிக்கவும்.