கோட்டைக் கற்களின் கதை

திருகோணமலைக்குச் செல்லும் நாம் கோணேசர் கோயில், பிரெடரிக் கோட்டை, இயற்கைத் துறைமுகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கண்டு வியக்கிறோம். மூன்றையும் பிணைப்பது ஒரே வரலாறு. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். 1624இல் அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். கோட்டை வாயிற் கல்லில் இணைக்கயல் பொறிப்பை இன்றும் காணலாம். நாம் காணும் கோயில் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது.

துறைமுகத்தின் மீது கொண்ட ஆசையால் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அக்கோட்டையை மாறிமாறிக் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்தன. விடுதலை 1948இல் கிடைத்தும், ஆங்கிலக் கடற்படைத் தளம் 1957இல்தான் இலங்கையின் கைக்கு வந்தது.

வென்ற தளபதிகளின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. கல் சுமந்த மக்களின் பெயர்கள் இல்லை. மாணவரை அங்கே அழைத்துச் செல்லும்போது, கோட்டையை ஆண்டவர் யார் என்பதோடு, கட்டியவர் யார் என்றும் நாம் கேட்போமாக.