சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு ஓடியவர்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கு நேப்பியர் பாலத்தடியில் நின்றால் இரண்டு விதமான ஓட்டக்காரர்களைப் பார்க்கலாம். ஒரு சாரார் காரில் வந்து இறங்குவார்கள். விலையுயர்ந்த ஷூ, கையில் தூரம் காட்டும் கடிகாரம், மாரத்தான் பேர் போட்ட பனியன். காமராசர் சாலையில் கலங்கரை விளக்கம் வரைக்கும் மூன்றரைக் கிலோமீட்டர். போய்த் திரும்பினால் ஏழு. இன்னொரு சாரார் சிந்தாதிரிப்பேட்டை, புதுப்பேட்டை, தீவுத்திடல் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டிலிருந்தே ஓடி வருவார்கள். மவுண்ட் ரோட்டைத் தாண்டி, வாலாஜா சாலை வழியாக, சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டி, உழைப்பாளர் சிலை வரைக்கும். அங்கிருந்து கலங்கரை விளக்கம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஓடுகிறவர்கள் இவர்கள். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடி முடித்தாக வேண்டும். ஏழு நிமிடம் ஒரு வினாடி ஆனாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் அக்கா மகனும் அப்படி ஓடுகிறவன். போன வருஷம் ஒருநாள் ரோந்து வந்த காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அவனை நிறுத்தினார். "எங்கடா ஓடுற? எந்த ஏரியா? யார்ட்ட இருந்து ஓடியாற?" என்று மூன்று கேள்வி. இவன் பேட்டையின் பேரைச் சொன்னதும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்திருக்கிறார். அதே நேரத்தில் ஷூ போட்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் பக்கத்தில் ஓடிப்போனார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காக்கிச் சட்டையைப் போடுவதற்காகத்தான் இவன் ஓடிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவன் வந்து சொன்னபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடற்கரைக்குப் போகும் இந்த வழியில் ஓடியது யார், யாருக்காக ஓடினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தாத்தா செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவர். முதலில் ஓடியது சாவுச் சேதிக்கு. ஊரில் ஒரு பெரிய வீட்டில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். உறவுக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேதி சொல்ல வேண்டும். ராத்திரியோ மழையோ கணக்குக் கிடையாது. போன இடத்திலும் வாசலுக்கு வெளியே, தெருக்கோடியில் நின்று கத்திச் சொல்ல வேண்டும். கூலி என்று எதுவும் கிடையாது. கொடுத்தால் கொஞ்சம் நெல். "சேதி முன்னாடி போவணும், நான் பின்னாடி போவணும், அவ்ளோ வேகமா ஓடணும்னு சொல்லுவாங்க" என்பார் தாத்தா.

மாரத்தான் என்ற பேருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கி.மு. 490இல் மாரத்தான் சண்டையில் ஜெயித்த சேதியை ஏதென்சுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு ஒருவன் அங்கேயே விழுந்து செத்தான் என்பார்கள். 1896இல் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது அந்தக் கதையை வைத்தே போட்டியை உண்டாக்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க 42.195 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். சேதி சுமந்து ஓடிய ஒருவனுக்கு உலகம் அவ்வளவு மரியாதை செய்கிறது. நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சேதி சுமந்து ஓடியவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

பட்டணத்துக்கு வருவோம். சிந்தாதிரிப்பேட்டை 1734இல் கும்பினி உண்டாக்கிய ஊர். மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து, கூவம் வளைந்து ஓடும் இடத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்று பேர்க் காரணம் சொல்வார்கள். நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர், துணி வெளுப்பவர், கோயிலுக்கு வேண்டியவர்கள் என்று யார் யார் குடியிருக்கலாம் என்பதற்கு அன்றைக்கே ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் நம்மவர் இல்லை. ஆனால் ஊர் என்று ஒன்று வந்தால் அதற்குச் சுமக்க ஆள் வேண்டும், கழுவ ஆள் வேண்டும், ஓட ஆள் வேண்டும். பட்டியலில் இல்லாதவர்கள் கூவத்தின் கரையில் வந்து சேர்ந்தார்கள்.

வெள்ளைக்காரன் வீட்டில் குதிரை இருந்தால் அதற்கு ஒரு குதிரைக்காரன் உண்டு. சென்னையில் இந்த வேலையைப் பெரும்பாலும் பறையர்களே செய்தார்கள். துரை குதிரையிலோ வண்டியிலோ போவான், குதிரைக்காரன் கூடவே ஓடுவான். துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தைப் பிடிக்க இவன் அங்கே இருக்க வேண்டும். குதிரைக்குப் புல் அறுத்துச் சுமந்து வருவது பல வீடுகளில் அவன் பெண்சாதியின் வேலை. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் கடற்கரையில் நடைபாதை போட்டு அதற்கு மெரினா என்று பேர் வைத்தார். சாயங்காலக் காற்று வாங்கத் துரைமார்கள் அங்கே போனார்கள். அவர்கள் குதிரைகளோடு ஓடிய கால்களைப் பற்றி மெரினாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எழுதுவதில்லை.

எல்லா ஓட்டத்தையும் நம் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. பல்லக்குத் தூக்கி ஓடியவர்களில் தெலுங்கு பேசும் போயிகள் அதிகம். 1786இல் சென்னையில் கும்பினி தபால் ஆபீஸ் தொடங்கியபின் தபால் பை தூக்கி ஓடியவர்களில் பல சாதியாரும் இருந்தார்கள். உழைக்கிற உடம்பை வைத்துத்தான் இந்தப் பட்டணம் நகர்ந்தது என்பதே விஷயம்.

பிறகு ரிக்ஷா வந்தது. ஜப்பானில் 1869 வாக்கில் உண்டான வண்டி. 'ஜின்ரிகிஷா' என்றால் மனித பலத்தால் ஓடும் வண்டி. பேரிலேயே விஷயம் இருக்கிறது. தாத்தா ஊரைவிட்டு ஓடிவந்து சென்ட்ரல் ஸ்டாண்டில் கை ரிக்ஷா இழுத்தார். வண்டி சொந்தமில்லை, தின வாடகை. சவாரி கிடைக்காவிட்டாலும் வாடகை கொடுத்தாக வேண்டும். அவர் ஓடிய தடம் எனக்கு மனப்பாடம்: சென்ட்ரல், சிந்தாதிரிப்பேட்டை, மவுண்ட் ரோடு, வாலாஜா ரோடு, பீச் ரோடு, மயிலாப்பூர். என் அக்கா மகன் இன்றைக்கு ஓடுவது அதே தடம்.

"நடந்து இஸ்தா ஆவாதா தாத்தா?" என்று கேட்டிருக்கிறேன். சிரித்தார். "நடந்தா ஒரு சவாரிதான் கெடைக்கும். ஓடுனாதான் வாடகை போவ ராத்திரிக்குச் சோறு. தரை மேல ஓடறது ஒண்ணியும் இல்ல கண்ணு. கூவத்துப் பாலம் கீதே, அதுதான். ஏறச்சொல்லோ நெஞ்சு வெடிக்கும். எறங்கச்சொல்லோ வண்டி நம்மள தள்ளும். நிக்க முடியாது. கம்ப உட்டா சவாரி பின்னாடி சாஞ்சிடும், நாம மேல தொங்கிடுவோம்." சித்திரை வெயிலில் தார் உருகி உள்ளங்காலில் ஒட்டும். செருப்பு போட்டால் பிடிமானம் இருக்காது என்று வெறுங்காலோடுதான் ஓடுவாராம். சாகும்வரைக்கும் அவர் பாதம் ஆமை ஓடு மாதிரி இருந்தது.

எம்.ஜி.ஆர். ரிக்ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்ததை இன்றைக்கும் சொல்லாத ஆளில்லை. 1971இல் வந்த 'ரிக்ஷாக்காரன்' படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தில் அவர் ஓட்டியது சைக்கிள் ரிக்ஷா. அன்றைக்குப் பட்டணத்தில் கையால் இழுத்து ஓடியவர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1973இல் கலைஞர் ஆட்சியில்தான் கை ரிக்ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா கொடுக்கப்பட்டது. "அன்னிக்குத்தான் முதுகு நிமுந்துச்சு" என்று தாத்தா சொல்வார். மனுசனை மனுசன் இழுப்பதை அரசு ஒரு உத்தரவில் நிறுத்த முடிந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. மலக்குழிக்குள் மனுசனை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் போட்டும் அது நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தெருவில் நடப்பதே நமக்கு ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. 1924இல் கோட்டையில் கூடிய சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்டவர்கள் போவதை யாரும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசும் ஏற்று ஆணை போட்டது. வைக்கத்தில் தெருவுக்காகப் போராட்டம் நடந்ததும் அதே வருஷம்தான். நூறு வருஷம் ஆகிவிட்டது. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில், நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு பையனை நிறுத்தி "எங்கடா ஓடுற?" என்று கேட்க முடிகிறது.

இந்தக் கடற்கரை யாருக்கு என்ற கேள்வியும் புதிதில்லை. 1923இல் சிங்காரவேலர் மே தினத்தை முதன்முதலாகக் கொண்டாடியது இந்தக் கடற்கரையில்தான். 1959இல் உழைப்பாளர் சிலை வைத்தார்கள். 1985இல் அழகுபடுத்துகிறோம் என்று மீனவர்களின் கட்டுமரங்களை அகற்றி, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனார்கள். அழகு என்ற சொல் வரும்போதெல்லாம் யாரோ ஒருவரின் வீடு போகிறது.

2019 டிசம்பரில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகரை இடிக்கத் தொடங்கினார்கள். நம்மிலிருந்து வந்து மந்திரியாக இருந்த ஒரு பெண்ணின் பேரைத் தாங்கிய குடியிருப்பு. பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சுமார் 25 கிலோமீட்டர். அரை மாரத்தான் 21 கிலோமீட்டர் என்று பதக்கம் கொடுக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் பழைய பள்ளிக்கூடத்துக்கும் தினமும் அதைவிட அதிக தூரம் போய்த் திரும்புகிற பெண்களும் பிள்ளைகளும் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

ஓடத் தெரியாமல் நாம் பின்தங்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன், தாத்தா சொல்லிக் கொடுத்து ஓடக் கற்றவர். 2006இல் தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். நம் ஓட்டத்தை வேண்டுமென்கிறவர்கள், நாம் ஜெயித்து நிற்கும்போது மட்டும் யார் என்று சோதிக்கிறார்கள்.

தோழர்களே, நம் பாட்டன் பாட்டிகள் எந்தத் தெருவில், எந்தப் பாலத்தில், எந்தச் சுமையோடு ஓடினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். இழுத்தவர்களில் மிச்சமிருப்பவர்களுக்கு வயசாகிவிட்டது. இன்னும் சில வருஷத்தில் கேட்க ஆளிருக்காது.

அக்கா மகன் இப்போதும் ஓடுகிறான். தேர்வு ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பனியனுக்குள் செருகிக்கொண்டு ஓடுகிறான். நிறுத்தினால் காட்டுவதற்கு. ஏழு நிமிடத்தில் அதை எடுத்துக் காட்டுகிற நேரமும் அடக்கமா என்று போன வாரம் என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.