குடுவைக்கு முன் கோப்பு: புதுக்கோட்டை எண்ணெய்க் குழியும் மாதிரி எடுக்கும் சட்டமும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உலையில் கொதித்த பானைக்குப் பொருந்தும். கழிவுக் குழிக்குப் பொருந்தாது. கொதியில் அரிசி முழுதும் ஒரே சூட்டில் புரள்கிறது. குழியிலோ கொட்டியது கொட்டிய இடத்திலேயே படிகிறது. அதனால் அபாயகரக் கழிவு என்று ஐயப்படும் ஒன்றை ஆராய்கையில், முதல் சான்றைக் கழிவின் பிறப்பைச் சொல்லும் கோப்பில் தேட வேண்டும். குடுவையின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. கோப்பைக் கைப்பற்றாமல் எடுத்த மாதிரி அறிவியலிலும் தடுமாறும், சட்டத்திலும் தடுமாறும். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

சிறு எண்ணெய் வயல்களுக்கான 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் அவற்றில் ஒன்று. அதை எதிர்த்து அவ்வூர் அடங்கிய ஆலங்குடி வட்டாரத்தில் போராட்டம் மூண்டபோது, ஓஎன்ஜிசி முன்பே தோண்டிவிட்டுப் போன ஆய்வுக் கிணறுகள் பக்கம் ஊராரின் பார்வை திரும்பியது. நல்லாண்டார்கொல்லையில் அப்படியொரு கிணற்றை ஒட்டிக் கிடந்த எண்ணெய்க் கழிவுக் குழியை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பூவும் பலாவும் வாழையும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி விளையும் மண் அது. அத்தகைய குழியிலிருந்து மாதிரியை எப்படி எடுப்பது என்பது நிலத்தடி நீரின் கதியோடு நேராகப் பிணைந்த கேள்வி.

இவ்வகைக் குழியில் மேலே கருத்த எண்ணெய்ப் படலம், அதன் கீழ் மழைநீர், அடியில் எண்ணெய் கலந்த சகதி, அதற்கும் கீழே பாறைத் துகள் என அடுக்குகள் படியும். இரு முனையும் திறந்த கண்ணாடிக் குழாயை மெல்ல, மிக மெல்ல இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் எண்ணெய் ஒதுங்கி, குழாய்க்குள் தண்ணீர்தான் மிகுதியாக ஏறும். அடியைத் தொட்டதும் மேல்முனையை அடைத்துத் தூக்கினால் குழியின் திரவ அடுக்குகளின் நெடுக்குவெட்டு குழாயில் நிற்கும். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களைச் சோதிக்கப் பல இடத்து மாதிரிகளைக் கலந்துகொள்ளலாம். பென்சீனுக்கு அது ஆகாது. கலக்கும்போதே அது காற்றோடு போய்விடும். குடுவையைக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, மூடி, பனிக்கட்டியில் வைத்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் விளிம்பில் நின்று வாளியில் மொண்ட நீர் ஆய்வகத்தில் ‘வரம்புக்குள்’ என்று வந்தால், அது மழைநீருக்குக் கிடைத்த நற்சான்று மட்டுமே.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் கழிவை இரு வழிகளில் அடையாளம் காண்கின்றன. இரண்டாம் பட்டியல் செறிவைப் பார்க்கிறது: கழிவை அதன் எடையைப்போல் 20 மடங்கு கரைசலில் சுமார் 18 மணி நேரம் சுழற்றி, கசியும் நஞ்சை அளப்பார்கள், பென்சீனுக்கு வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், ஈயத்துக்கு 5. முதல் பட்டியல் பிறப்பைப் பார்க்கிறது. கச்சா எண்ணெய், எரிவாயு உற்பத்தியில் வரும் எண்ணெய்ச் சகதியும் எண்ணெய் கலந்த துளைச்சேறும் அதில் பெயரோடு இடம்பெற்றுள்ளன. துளையிடுகையில் சேற்றோடு வெளிவரும் பாறைத் துகளான துளைத்துகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: நீர் அடிப்படையிலான சேற்றோடு வந்தது அப்பட்டியலில் சேராது. ஆக, எந்தச் சேற்றைப் பயன்படுத்தினார்கள் என்பதே வழக்கின் திருப்பம். ஆண்டுகள் கழிந்த துகளைவிட அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியது துளையிட்ட நாளின் பதிவேடு.

சட்டச் சிக்கல் இதைவிட ஆழமானது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, மாதிரி எடுப்பவர் அனுபோகதாரருக்கு, அதாவது இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு, அங்கேயே அறிவிப்புத் தந்து, அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். தவறினால் ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் சான்றாகாது. அவர் வேண்டுமென்றே வராவிட்டாலும் கையொப்பமிட மறுத்தாலும் மாற்றுவழி உண்டு. ஆனால் வாயிற்காவலர்கூட இல்லாத கைவிட்ட குழியில் அனுபோகதாரர் யார்? பொருளைக் கைவசம் வைத்திருப்பவரையும் அச்சொல் உள்ளடக்கும் என்கிறது வரையறை. துளையிட எடுத்த நிலம் குத்தகை முடிந்து உரிமையாளரிடம் திரும்பியிருந்தால், எழுத்துக்கு எழுத்துப் படிக்கையில், பாதிக்கப்பட்ட விவசாயியே கழிவுக்குரியவர் ஆகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. அதைத் தடுக்கக்கூடியவை குத்தகை ஒப்பந்தமும் துளைப் பதிவேடும்தான்.

கோப்புக்குத் துணையாக ஊராரின் சாட்சியும் வேண்டும். அவர்களை மாதிரி எடுக்கும் இடத்துக்குள் விட்டால் சான்றின் தூய்மை கெடும் என்ற மறுப்பைப் புறந்தள்ள முடியாது. எனினும் கொடைக்கானலை நினைக்க வேண்டும். வெப்பமானி ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் தோய்ந்த 7.4 டன் உடைகண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் வெளிக்கொணர்ந்தவர்கள் உள்ளூர் மக்களும் சூழல் இயக்கத்தினரும். ஆலை வெளியே சொல்லாததை ஊர் அறிந்திருந்தது. 2025 ஜூலையில் வெளியான மாசுற்ற இடங்கள் குறித்த விதிகளும் பொதுமக்கள் புகாரைத் தொடக்கப் புள்ளியாக ஏற்கின்றன. புகார் தரத் தகுதியுள்ளவர் சாட்சிக் கையொப்பமிடவும் தகுதியுள்ளவரே. குடுவையைத் தொடாமல், மாதிரி எடுத்ததைப் பதியும் மகஜரில் கையொப்பமிடுவதால் சான்று கெடாது. எந்த மூலையில், எந்த ஆழத்தில் எடுத்தார்கள் என்பதற்கு மூன்றாவது நினைவு கிடைக்கும்.

எனவே ஆய்வின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் அபாயகரக் கழிவு விதிகளின் மூன்றாம் படிவக் கழிவுப் பதிவேடு, கழிவை ஏற்றிச் சென்றதற்கான பத்தாம் படிவம், துளைச்சேற்றுக் குறிப்பு, குத்தகைப் பத்திரம். அடுத்து பக்கத்து நிலத்துக்காரரோடு குழியைச் சுற்றி ஒரு நடை. அதன் பிறகே குழாய். ஆய்வகம் தன் முன் வைத்ததற்குத்தான் விடை சொல்லும். எதை அதன் முன் வைப்பது என்பது குழியின் கரையில், குடுவையின் மூடி திறக்கும் முன்பே, தீர்மானமாகிவிடுகிறது.